இரண்டு சீசன்காரர்கள்

நான் தென்காசியில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில் 'சீசன்' என்ற சொல்லுக்கு எங்களிடம் இரண்டு அர்த்தம் உண்டு. வெள்ளைக்காரன் காலம், கம்பெனி ரயில். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஒரு கூட்டம், சீசன் டிக்கெட்காரர்கள். அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம், பாவூர்சத்திரம் என்று கிழக்கே இருக்கும் ஊர்களிலிருந்து காலை வண்டியில் தென்காசிக்கு வந்து, மாலை வண்டியில் வீடு திரும்புகிறவர்கள். கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைகள். வருஷம் முழுவதும் அதே முகம், அதே பெட்டி, அதே ஜன்னல். வண்டி கொஞ்சம் பிந்தினால் என் மேஜைக்கு எதிரே வந்து நின்று சுவர்க் கடியாரத்தைப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்கவே மாட்டார்கள். அதுதான் அவர்கள் திட்டுகிற விதம்.

இன்னொரு கூட்டம், குற்றால சீசனுக்கு வருகிறவர்கள். சாரல் விழத் தொடங்கினால் போதும், எண்ணெய்ப் புட்டியும் சோற்றுத் தூக்குமாக வந்து இறங்கி, அருவியில் ஆசை தீரக் குளித்து, ஈரத் துணி மூட்டையோடு திரும்பி வருவார்கள். வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே ஏறியதும் ஈர வேட்டியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. தன் ஜன்னலில் யாரோ ஒருவருடைய கோவணம் காய்வதைப் பார்க்கும் கோர்ட்டுக் குமாஸ்தாவின் மனநிலையை நினைத்துப்பாருங்கள். இருவருக்கும் நடுவில் நான்.

சீசன் டிக்கெட்காரர்களில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் கிரேஸ் டீச்சர். கடையத்திலிருந்து தினமும் வந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். ஒல்லியான உருவம், வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுகிறார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் புகார் சொல்லுவார். மற்றவர் சங்கரபாண்டி அண்ணாச்சி, பாவூர்சத்திரத்துக்காரர், முன்சீப் கோர்ட்டில் டவாலி. வாதி, பிரதிவாதி பெயரை வாசலில் நின்று கூப்பிடுவது அவர் வேலை. கோர்ட்டு மரத்தடியில் உறங்கும் சாட்சிகூட அவர் குரலுக்கு எழுந்து ஓடி வந்துவிடுவான் என்பார்கள்.

அது ஓர் ஆடி அமாவாசை. குற்றாலத்தில் அன்றைக்கு நீராடாதவர்கள் இந்தச் சீமையில் குறைவு. காலையில் வந்த வண்டிகள் எல்லாம் கூரைவரை ஆளை ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போயின. அவ்வளவு பேரும் திரும்ப வேண்டுமே என்ற கவலை எனக்குக் காலையிலேயே இருந்தது. பெரிய ஸ்டேஷன் மாஸ்டர் காய்ச்சலில் குவார்ட்டர்ஸில் போர்த்திப் படுத்திருந்தார். பொறுப்பு முழுக்க என் தலையில்.

மத்தியானம் மலைப்பக்கத்திலிருந்து வரவேண்டிய வண்டி வரவில்லை. இஞ்சின் வழியில் படுத்துவிட்டது என்று தந்தி வந்தது. அந்த வண்டியில் போகவேண்டியவர்கள் பிளாட்பாரத்தில் தங்கினார்கள். மாலை வண்டிக்குப் போகவேண்டியவர்கள் ஜட்காவிலும் மாட்டுவண்டியிலும் நடையுமாக வந்து அவர்களோடு சேர்ந்தார்கள். அதற்குமேல் சாரல் வலுத்தது. திறந்த இடத்தில் நின்றவர்களும் கூரையைத் தேடி உள்ளே நெருக்கினார்கள். கோர்ட்டும் பள்ளிக்கூடமும் விட்டு சீசன் டிக்கெட்காரர்கள் வந்தபோது அவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. என் அறை வாசலிலேயே கும்பலாக நின்று, வழக்கம்போலக் கடியாரத்தைப் பார்த்தார்கள்.

செங்கோட்டையிலிருந்து மாலை வண்டி கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் மேற்கே விசில் கேட்டது. தம்பிமார்களே, நீங்கள் அந்த விசிலை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. விசில் கேட்டதும் பின்வரிசையில் இருப்பவன் அரையடி முன்னால் நகருவான். அவ்வளவுதான் அவன் செய்வது. அந்த அரையடி வரிசை வரிசையாக முன்னால் போய், பிளாட்பார விளிம்பில் நிற்பவன் காலுக்கடியில் இடமில்லாமல் செய்துவிடும். யாரும் யாரையும் தள்ளவில்லை. ஆனாலும் விளிம்பில் நின்ற ஓர் ஆச்சி தண்டவாளத்தில் விழுந்தாள்.

இரண்டு பேர் குதித்து அவளைத் தூக்கினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. மேலே ஏற்றியதும் தீர்த்தச் சொம்பு எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைகாட்டியை, அதாவது சிக்னலை, இறக்கச் சொல்லிப் பாயிண்ட்ஸ்மேன் சுடலைக்கு உத்தரவு கொடுக்க நான் வாயெடுத்த நேரம் அது. கைகாட்டி இறங்கியிருந்தால் வண்டி உள்ளே வந்துகொண்டிருக்கும்.

"இறக்காதே. வண்டி வெளியவே நிக்கட்டும்" என்றேன்.

சுடலை என்னைப் பார்த்த பார்வையில், இவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தது. எந்தக் காரணமும் இல்லாமல் பிரயாணிகள் வண்டியை வெளிக் கைகாட்டியில் நிறுத்தினால் விளக்கம் கேட்பார்கள். அதோடு அந்த வண்டியின் முதல் வகுப்பில் டிப்டி கலெக்டர் ஒருவர் வருகிறார் என்று செங்கோட்டையிலிருந்து முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர் வண்டியைத்தான் நான் மழையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வண்டி நின்றதும் டிரைவர் விசிலை விட்டு விட்டு ஊதத் தொடங்கினார். ஒவ்வொரு முறை ஊதும்போதும் கூட்டம் அரையடி நகர்ந்தது. நான் சுடலையை ஓடவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் விசிலை நிறுத்தச் சொல் என்றேன். அவன் மழையில் தண்டவாளத்தோடு ஓடினான். விசில் நின்றது. அன்றைக்கு நான் கொடுத்த உத்தரவுகளில் உடனே பலன் தந்தது அது ஒன்றுதான்.

அடுத்து என்ன செய்வது? ஸ்டேஷனில் இருந்த ஒரே போலீஸ்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, ரெண்டு போட்டால் பின்னால் போய்விடுவார்கள் என்றார். முன்வரிசையை அடித்தால் அது எங்கே போகும்? பின்னால் இடமில்லை. முன்னால் தண்டவாளம். கம்பைக் கீழே போடச் சொல்லிவிட்டு யோசித்தேன்.

பிளாட்பாரம் ஒரு பக்கம்தான். வண்டியின் மறுபக்கம் சரக்கு ஷெட்டை ஒட்டிப் பெரிய திறந்த வெளி. நம் பெட்டிகளுக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. கூட்டத்தில் பாதியை வண்டி வருவதற்குள் மறுபக்கம் கொண்டுபோய்விட்டால், இரண்டு பக்கமும் ஏறலாம், நெரிசல் பாதியாகிவிடும். வண்டி வெளியே நிற்பதால் தண்டவாளத்தைக் கடப்பதில் ஆபத்து இல்லை. யோசனை நல்ல யோசனைதான். என் மேஜையை வாசலுக்கு வெளியே இழுத்துப்போட்டு, அதன்மேல் ஏறி நின்று, ஆண்கள் எல்லாரும் மறுபக்கம் போகவேண்டும், பெண்களும் வயசாளிகளும் இங்கேயே நிற்கவேண்டும் என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. சொல்லப்போனால் நிலைமை மோசமானது. பெண்டாட்டியைப் பிரிந்து போக ஒருவனுக்கும் மனமில்லை. புருஷன் கையைப் பெண்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை யாரிடம், டிக்கெட் யாரிடம் என்று ஆளுக்கொரு பக்கம் குரல். கூட்டம் எனக்கு முன்னால் முடிச்சுப் போட்டதுபோல இறுகியது.

என் வேட்டி நுனியை யாரோ இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் கிரேஸ் டீச்சர்.

"என்ன சார் செய்யுதிய? ஆம்பள பொம்பளன்னு பிரிச்சா எவ நகருவா? ஊர் ஊராப் பிரிங்க. சொந்த ஊர்க்காரங்களோட நின்னா ஒருத்தரும் பயப்பட மாட்டாவ."

"ஊரு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும், டீச்சர்?"

அவர் குடையால் என் அறை வாசலைக் காட்டினார். "அந்தா நிக்காங்கள்லா. எல்லா ஊர்லயிருந்தும் ஆள் இருக்கு."

வாசலில் சீசன் டிக்கெட்காரர்கள் நின்று கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தினமும் இவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் எந்த ஸ்டேஷனில் ஏறி எந்த ஸ்டேஷனில் இறங்குகிறார்கள் என்று எனக்கு மனப்பாடம். தங்கள் தங்கள் ஊரில் எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள். ஸ்டேஷனின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர்கள். அவர்களை நான் அதுவரை புகார் சொல்லும் ஆட்களாக மட்டும்தான் பார்த்திருந்தேன். மேஜையிலிருந்து இறங்கி அவர்களிடம் போனேன். ஆச்சி விழுந்ததைச் சொன்னேன். வண்டியை ஏன் நிறுத்தியிருக்கிறேன் என்பதையும் சொன்னேன். உடனே குடைகளை எடுத்துக்கொண்டார்கள். அம்பாசமுத்திரத்துக் குமாஸ்தாக்கள் சரக்கு ஷெட் ஓரத்திலும், ஆழ்வார்குறிச்சி வாத்தியார் அதற்கு அடுத்தும், கடையத்துக்காரர்கள் பிளாட்பாரக் கிழக்குக் கோடியிலும் என்று டீச்சரே இடம் பிரித்துக் கொடுத்தார். வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பழக்கம்.

பிறகு சங்கரபாண்டி அண்ணாச்சி மேஜைமேல் ஏறினார். டவாலிப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். கோர்ட்டில் கூப்பிடுகிற அதே ராகத்தில் தொடங்கினார்.

"அம்பாசமுத்திரம்! அம்பாசமுத்திரம்! அம்பாசமுத்திரம்!"

மழைச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. கூட்டம் மொத்தமும் வாயை மூடித் திரும்பியது. அந்தச் சீமையில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருந்து கேஸ் தோற்றவர்கள் நிறையப் பேர். "அம்பாசமுத்திரத்து ஆளுக குடும்பத்தோட, பண்டபாத்திரத்தோட ஷெட்டுப் பக்கம் போங்க. அங்கன குடையத் தூக்கிக்கிட்டு உங்க ஊர் ஆள் நிக்காரு" என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் "ஆஜர்" என்று கையைத் தூக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். ஆச்சி விழுந்தபோது சிரித்த சிரிப்பு வேறு. இது மூச்சு விட்ட சிரிப்பு. முடிச்சு அவிழ்ந்தது எனக்கே தெரிந்தது.

அம்பாசமுத்திரத்துக்காரர்கள் நகர்ந்தார்கள். அவர்கள் நகர்ந்ததால் ஆழ்வார்குறிச்சிக்கு வழி கிடைத்தது. குடைக்கு அடியில் போனவர்கள் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள். நீங்க மேலத் தெருவா, உங்க மாமா எனக்குத் தெரியுமே என்று குரல்கள். பிள்ளை தவறிப்போன ஒரு தாய் அழுதுகொண்டு வந்தாள். ஊர் பெயரைக் கேட்டு அந்தக் குடைக்கு அனுப்பினோம். பிள்ளை அங்கே யாருடைய தோளிலோ உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

இந்த நேரத்தில் மேற்கேயிருந்து தண்டவாளத்தோடு ஒருவர் குடை பிடித்து வேகமாக நடந்து வந்தார். உயரமான ஆள், கோட்டும் தலைப்பாகையும். ஜல்லியில் கால் இடறி இடறி, முகம் சிவந்து வருகிறார். டிப்டி கலெக்டர் என்று எனக்கு உடனே புரிந்தது. நான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் கிரேஸ் டீச்சர் அவரிடம் போய்விட்டார்.

ஆழ்வார்குறிச்சி வாத்தியார் குள்ளம். அவர் குடை யாருக்கும் தெரியவில்லை என்ற கவலையில் இருந்திருக்கிறார் டீச்சர். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, நீங்க நல்ல உசரமா இருக்கிய. குடையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இங்கன நில்லுங்க. ஆழ்வார்குறிச்சி ஆளுக உங்களப் பாத்து வரட்டும்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆழ்வார்குறிச்சி ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். வேறோர் ஆச்சி தன் மூட்டையை அவர் காலடியில் வைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பேரனைத் தேடப் போய்விட்டாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், கடந்து வரும் ஜனங்களைப் பார்த்தார், காலியாகிக்கொண்டிருக்கும் பிளாட்பார விளிம்பைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சல்யூட் வைத்தேன். அவர் குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

எல்லாரும் நிலையில் நின்ற பிறகுதான் கைகாட்டியை இறக்கச் சொன்னேன். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் சீசன் டிக்கெட்காரர்கள் கைகோத்து நின்று கூட்டத்தைப் பின்னால் வைத்திருந்தார்கள். வண்டி முழுதாக நின்றபிறகு கதவுகளைத் திறந்து, வயசாளிகளையும் பிள்ளைகளையும் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டுத் தாங்களும் ஏறினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

ஆனால் வண்டி ஒன்று, ஜனம் இரண்டு வண்டிக்கு. கடைசியில் கொஞ்சம் பேருக்கு இடமில்லை என்பது தெரிந்தது. வெளியே நின்றவர்களில் கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள். காலையிலிருந்து சாப்பிடாமல் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த கிழவர்கள் இருந்தார்கள். யாரை இறக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்பதற்கு முன்னால் அம்பாசமுத்திரத்துக் குமாஸ்தா ஒருவர், எத்தனையோ வருஷமாகத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய ஜன்னலோர இடத்திலிருந்து எழுந்து கீழே இறங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்படியே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சீசன் டிக்கெட்காரர்கள் இறங்கினார்கள். சங்கரபாண்டி அண்ணாச்சி படியில் நின்றுகொண்டிருந்தவர் ஒரு கிழவரை உள்ளே ஏற்றிவிட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, அடுத்த வண்டி எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றேன்.

"நாங்க நாளைக்கும் இங்கதான சார் வரணும். அவியளுக்கு இனி அடுத்த ஆடிக்குத்தான்."

டிப்டி கலெக்டர் தன் முதல் வகுப்புப் பெட்டிக்குப் போனார். அதற்குள் ஆழ்வார்குறிச்சி ஆச்சிமார் ஈரச் சேலையோடும் தீர்த்தச் சொம்போடும் நிறைந்திருந்தார்கள். அவரை நம்பி மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போன ஆச்சிதான் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். நான் பதறிப்போய் அவர்களை இறக்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆச்சி மூட்டையை வாங்கிக்கொண்டு, தம்பி கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்க என்று சொன்னாள். இடம் இல்லாததால் அவர் வாசல் ஓரத்தில் நின்றே போனார். வண்டி நகரும்போது என்னைப் பார்த்து, மூட்டைக்குள்ளே பலாச்சுளை இருக்கிறது போலிருக்கிறது, வாசனை தாங்கவில்லை என்றார்.

மத்தியானம் வரவேண்டிய வண்டி விளக்கு வைத்தபிறகு வந்து சேர்ந்தது. அதுவரை சீசன் டிக்கெட்காரர்கள் ஈரம் சொட்டச் சொட்ட பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டிலிருந்து சுக்குக் காப்பி போட்டு வரச் சொன்னேன். கிரேஸ் டீச்சர் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டு, இனிமேல் முதல் வகுப்பில் வருகிற ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கலெக்டரையும் குடைக் கம்பமாக்கிவிடுவேன் என்று தனக்குள் சொல்லிச் சிரித்தார். குடை பிடித்தவர் டிப்டி கலெக்டர் என்று நான்தான் சற்றுமுன் சொல்லியிருந்தேன். வந்த வண்டி ஏறக்குறையக் காலி. ஆளுக்கொரு பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ராஜாக்களைப் போல ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சில நாள் கழித்து என்னைத் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். மேலதிகாரி அறைக்கு வெளியே ரொம்ப நேரம் உட்காரவைத்தார்கள். வேலை போனால் என்ன செய்வது என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டேன். குற்றாலத்தில் முறுக்குக் கடை போடலாம் என்பதுவரை யோசனை போயிருந்தது.

உள்ளே போனதும் அவர் நேராகக் கேட்டார். லைன் காலியாக இருக்கும்போது யார் உத்தரவில் வண்டியை நிறுத்தினாய்? என் உத்தரவில்தான் என்றேன். மறுபக்கம் ஆட்களைக் கடக்கவிட்டது யார்? அதுவும் நான்தான் என்றேன். டீச்சர் பெயரையோ அண்ணாச்சி பெயரையோ நான் சொல்லவில்லை. யோசனை யாருடையதாக இருந்தாலும், கைகாட்டி என் பொறுப்பில் இருந்தது. தம்பிமார்களே, இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். யோசனையை நூறு பேரிடம் கேட்கலாம். பதில் சொல்லும்போது ஒரே ஆள்தான் நிற்க முடியும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிப்டி கலெக்டர் தன்னைச் சந்தித்து எல்லாம் சொன்னதாகச் சொன்னார். குடை பிடித்த கதை உட்பட. அவர் சிரிக்கிறாரா கோபத்தில் இருக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மறுபடி இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வாய்?"

"மறுபடியும் நிறுத்துவேன், சார். ஆனால் அந்தத் தடவை விசிலை முதலில் நிறுத்துவேன்."

"நல்லது" என்று அவர் மணியை அடித்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். எனக்கு முன்னாலேயே உத்தரவு சொன்னார். தண்டனை என்று எதுவும் இல்லை. பரிசு என்றும் எதுவும் இல்லை. நான் எந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தாலும் சரி, வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு என்னைத் தென்காசிக்கு அனுப்பிவைக்க வேண்டும், அந்த நாளில் எனக்கு லீவு கொடுக்கக்கூடாது. ரிட்டையர் ஆகும்வரை அந்த உத்தரவை ஒருவரும் மாற்றவில்லை.